ஜெபக் குறிப்பில் என் மகள்

ஹட்டன், டிக்கோயா, கொட்டகலைப் பக்கத்துச் சபைகளில் பெற்றோர் கூட்டம் வைத்தால் என்னைப் பேசக் கூப்பிடுவது கொஞ்சக் காலம் வழக்கமாக இருந்தது. நான் போதகர் இல்லை, பாடசாலை ஆசிரியன். தினமும் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவன், வேதம் ஓரளவு வாசித்தவன், மைக்கைக் கண்டால் நடுங்காதவன். இது போதும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். எபேசியர் ஆறாம் அதிகாரத்தைத் திறப்பேன். பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற முதல் மூன்று வசனங்களில் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். தகப்பன்மார் பிள்ளைகளைக் கோபமூட்டக் கூடாது என்று பவுல் சொல்லும் நாலாம் வசனத்துக்கு வருவதற்குள் தேத்தண்ணி வந்துவிடும்.

பிள்ளைகளின் போனைக் கவனியுங்கள், யாரோடு பழகுகிறார்கள் என்று தெரிந்துவையுங்கள், எல்லாவற்றையும்விட அவர்கள் உங்களிடம் மனம்விட்டுப் பேசும்படி நடந்துகொள்ளுங்கள் என்பேன். கடைசியில், "என் மகள் என்னிடம் எதையும் மறைப்பதில்லை" என்று ஒரு வாக்கியம். முன்வரிசையில் இருக்கும் தாய்மார் தலையசைப்பார்கள். அப்போது அது உண்மைதான். அந்த உண்மையைக் கெடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மகள் என்னிடம் என்ன சொன்னாள் என்பது இந்தக் கட்டுரையில் எங்கும் வராது. வாசிக்கிறவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்போல இருக்கும். அந்த ஆவல்தான் ஒரு வெள்ளிக்கிழமை என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணிலும் இருந்தது. நான் அதற்குத் தீனி போட்டேன். இன்னொரு தடவை போட மாட்டேன். பதினாறு வயதில் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடிய ஒன்று, யாருக்கும் ஆபத்தில்லாதது, இவ்வளவு போதும்.

2022ஆம் வருடத் தொடக்கம். நாட்டில் டொலர் இல்லை, டீசல் இல்லை, கரண்ட் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் வெட்டினார்கள். கோதுமை மாவு விலை ஏறியதில், காலையில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டு வேலைக்குப் போகிற தோட்டத்து வீடுகள் ரொட்டியின் அளவைச் சின்னதாக்கின. அன்றைக்குத் தோட்டச் சம்பளம் நாளுக்கு 1,000 ரூபாய். 2021ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை தள்ளிப் போய் 2022 மே மாதத்தில்தான் நடந்தது. அதற்கு முந்திய இரண்டு வருடமும் பாடசாலை பாதிக்கு மேல் பூட்டுத்தான். ஒன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறினார்கள், மரத்திலும் ஏறினார்கள். அதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. அந்த இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளைகளின் மனதுக்குள் என்ன ஓடியது என்று உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு. மாணவர் வரவுப் பதிவேட்டை ஒழுங்காக எழுதிவைத்த நானும் கேட்கவில்லை.

மின்வெட்டால் எங்கள் வீட்டுக்கு ஒரு நன்மை கிடைத்தது. மெழுகுதிரி விலை கூடியிருந்ததால் படிப்பு மேசைக்கு மட்டும் ஒன்று கொளுத்துவோம். அது தீர்ந்த பிறகு எல்லோரும் இருட்டில் இருக்க வேண்டியதுதான். முகம் தெரியாவிட்டால் பேச்சு இலகுவாக வருகிறது. அப்படி ஒரு இரவில்தான் அவள் ஆரம்பித்தாள். "அப்பா, ஒன்னு சொல்லுவேன். ஏசக் கூடாது." நான் ஏசவில்லை. நிறைய நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதுவரைக்கும் நான் நல்ல தகப்பன் என்றே இப்போதும் நினைக்கிறேன். முடிவில் சொன்னாள்: "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். வேற யாருகிட்டயும் சொல்லிறாதீங்க." சரி என்றேன்.

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை மாலை வீட்டு ஜெபம் நடக்கும். ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொருவர் வீட்டில். பாட்டு, வசனம், பிறகு ஜெபக் குறிப்பு. சுற்றிவர ஒவ்வொருவரும் தத்தமது பாரத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்ச் சில வாரமாகப் பேசவில்லை. ஒருவருக்குச் சீனி வியாதி, மாத்திரை கிடைக்கவில்லை. எனக்கு முந்தி உட்கார்ந்திருந்த சகோதரர் தன் மகன் குடிக்கத் தொடங்கியிருப்பதைச் சொல்லி அழுதார். எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். ஒருவர் தோளில் கை வைத்தார், ஒரு சிஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் பரீட்சைக்காக ஜெபிக்கச் சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த மனிதருக்குக் கிடைத்த கரிசனையைப் பார்த்ததும் எனக்கும் அது வேண்டும்போல இருந்தது. இந்த வாக்கியத்தை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான். நான் எப்போதும் மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறவன், குறையில்லாத வீட்டுக்காரன். அந்த அறையில் இரக்கம் என்று ஒன்று பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது, என் தட்டு மட்டும் காலி. "என் மகளுக்காக விசேஷமாக ஜெபியுங்கள்" என்றேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன். அந்த நிறுத்தலை வேண்டுமென்றேதான் செய்தேன். "என்ன பிரதர், புள்ளைக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டார்.

சொன்னேன். முழுவதையும் சொல்லவில்லை, கெட்டிக்காரத்தனமாகப் பாதியை மறைத்தேன். முழுவதையும் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. மறைத்த பாதியைக் கேட்டவர்கள் தங்கள் தங்கள் புத்திக்கு எட்டியபடி நிரப்பிக்கொண்டார்கள். பேசும்போது என் குரல் உடைந்தது. உடைகிறது என்பதை நான் கவனித்தேன், நன்றாகத்தான் உடைகிறது என்றும் நினைத்தேன்.

ஹட்டன் சின்ன டவுன். பஸ் நிலையத்தில் ஆளுக்கு ஆள் தெரியும். வீட்டு ஜெபத்தின் வட்ஸ்அப் குழுவில் அன்றிரவே கைகூப்பிய படங்கள் வந்தன. டியூசன் வகுப்பில் பக்கத்து மேசைப் பிள்ளை அவளிடம் "ஒனக்கு என்ன பிரச்சின?" என்று கேட்டிருக்கிறது. தோட்டத்தில் என் தம்பி வீட்டோடு இருக்கிற அம்மாவுக்கும் செய்தி போய்விட்டது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாரோ தம்பியின் மனைவியிடம் விசாரித்தார்களாம். அதற்குள் கதை நான் சொன்ன கதையாக இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து மூன்று பெண்கள் அவளைப் பக்கத்து அறைக்குள் கூட்டிப்போய்த் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. திறந்திருந்த கதவு வழியாக அவர்களின் தோளுக்கு மேலால் அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் எனக்குத் தெரியும், வகுப்பில் கோபத்தை நாளும் பார்க்கிறேன். அது கோபமில்லை. இந்த ஆளிடம் இனி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கணக்குப் போடுகிற பார்வை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். பதிலும் தயாராக இருந்தது: ஒன்மேல உள்ள அன்பாலதானே சொன்னேன், ஜெபம்தானே கேட்டேன். அந்தப் பதிலுக்கு வேலை வரவில்லை. அவள் எதுவுமே சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மிக நல்ல பிள்ளையாகிவிட்டாள். சொன்ன நேரத்துக்கு எழுந்தாள். வாலிபர் கூட்டத்துக்கு நான் சொல்லாமலே போனாள். குடும்ப ஜெபத்தில் வாய் திறக்காத பிள்ளை இப்போது நீளமாக, அழகாக ஜெபித்தாள். வசனம் சேர்த்து, நன்றி சொல்லி, நாட்டுக்காகவும் தலைவர்களுக்காகவும் வேண்டி. எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவிதான் ஒரு நாள் சமையலறையில் வைத்துச் சொன்னாள்: "அவ ஜெபிக்கிறது பூரா நீங்க ஜெபிக்கிற மாதிரியே இருக்கு. கேட்டீங்களா?" அதற்கு நான் கோபப்பட்டேன். உனக்கு விசுவாசம் குறைவு என்றேன்.

பரீட்சை பெறுபேறு அந்த வருடக் கடைசியில் வந்தது. நல்ல பெறுபேறு. ஸ்தோத்திர ஆராதனையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய், தேவன் என் மகளுக்குள் செய்த மாற்றத்தைப் பற்றிச் சொன்னேன். இன்ன மாதத்தில் எப்படி இருந்த பிள்ளை இன்றைக்கு எப்படி இருக்கிறாள் பாருங்கள் என்றேன். கைதட்டினார்கள், அல்லேலூயா சொன்னார்கள். அவள் மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து தானும் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை செய்ததைப் பலவீனம் என்று சொல்லலாம். இது பலவீனமில்லை. மனைவி சொன்ன பிறகு எனக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டேதான் இருந்தது, அதைத் தெரிந்தே மிதித்துக்கொண்டுதான் மேடைக்குப் போனேன். முதலில் அவளுடைய இரகசியத்தை எடுத்துக்கொடுத்தேன், பிறகு அவளுடைய நடிப்பைத் தேவனின் அற்புதம் என்று அறிவித்தேன். அதற்குப் பின்புதான் பெற்றோர் கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பு அதிகமானது.

விஷயம் எனக்கு உறைத்தது அவளால் இல்லை, என் சின்ன மகனால். அவனுக்கு அப்போது பதின்மூன்று. டன்பார் மைதானத்தில் விளையாடிவிட்டு வந்தவனின் கண் சிவந்திருந்தது. யாரோடு சண்டை என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றான். பெற்றோர் கூட்டத்தில் நான் கற்றுக்கொடுக்கிற முறையில், ஏசாமல், பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பவும் கேட்டேன். "சொன்னா சபைல சொல்லிருவீங்க" என்றான். யார் சொன்னது என்றேன். "அக்கா." குரலில் புகார்கூட இல்லை. சுடுதண்ணிப் போத்தல் எங்கே இருக்கிறது, பார்த்து எடு என்று தம்பிக்குச் சொல்லிவைப்பதுபோல அவள் என்னைப் பற்றி அவனுக்குச் சொல்லிவைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் தோட்டத்து லயத்தின் மேல் பழி போட்டுப் பார்த்தேன். நான் பிறந்தது லயத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, எங்கள் லயத்தில் இடைச்சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் "கொத்தமல்லி குடி" என்பார்கள். காலையில் பிரட்டுக்கு ஆள் சேர்க்க வசதியாக வெள்ளைக்காரன் கட்டியது, அதற்குள் ஒரு பிள்ளைக்குத் தனியாக அழுவதற்கு இடம் வேண்டும் என்று அவன் ஏன் யோசிக்கப் போகிறான்? சுவிசேஷமும் அந்த இஸ்தோப்புக்குத்தான் வந்தது. 1854இல் தோட்டத்துரைமாரின் பணத்தோடு தொடங்கிய தமிழ் கூலி மிஷன் என்கிற ஊழியம் உபதேசிமாரை லயங்களுக்கு அனுப்பியது. அப்படி வந்த ஜெபம் எப்போதுமே எல்லோர் முன்னாலும் நடந்த ஜெபம்தான். எல்லோருக்கும் எல்லாமும் தெரிந்த இடத்தில் வளர்ந்தவனுக்கு இரகசியத்தின் பெறுமதி எங்கே தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டவுனில் வீடு கட்டியபோது மகளுக்கென்று கதவு போட்ட ஓர் அறை வைத்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவனும் நான்தான்.

ஆனால் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. காரணம் அம்மா. என் பதினைந்தாவது வயதில், படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகத் துணிந்த சமயத்தில், அம்மாவிடம் நான் ஒன்று சொன்னேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார். அது இன்றுவரைக்கும் அப்பாவுக்குத் தெரியாது, தம்பிக்குத் தெரியாது, அந்த லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதே பத்தடிக் காம்பரா, அதே குட்டைச் சுவர். அம்மா ஜெபிக்காமல் இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா?

வேதத்தை நான் எவ்வளவு ஒருபக்கமாக வாசித்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா திராட்சரசம் குடித்துக் கூடாரத்தில் வஸ்திரம் விலகிக் கிடக்கிறார். காம் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சகோதரர்களிடம் சொல்கிறான். சேமும் யாப்பேத்தும் ஒரு வஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்னோக்கி நடந்துபோய்த் தகப்பனை மூடுகிறார்கள். பிள்ளைகள் தகப்பனின் மானத்தைக் காக்க வேண்டும் என்பதற்கு இதைப் பல கூட்டத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை கூடாரத்துக்குள் கிடக்க, தகப்பன் வெளியே வந்து ஊருக்குச் சொல்வதை ஒரு தடவையும் யோசித்ததில்லை. காம் பொய் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான். அவனும் ஒருவேளை ஜெபக் குறிப்பாகத்தான் சொன்னானோ என்னவோ.

மத்தேயு பதினெட்டில் இயேசு ஒரு வரிசை வைக்கிறார். உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீயும் அவனும் தனியே இருக்கும்போது பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் பிறகுதான் சபை. குற்றம் செய்தவனுக்கே இந்த மரியாதை. என் மகள் குற்றம்கூடச் செய்யவில்லை. நான் நேரே சபைக்குப் போனேன்.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏலி. பெற்றோர் கூட்டம் என்றால் ஏலியை ஒருவரும் சும்மா விடமாட்டோம். பிள்ளைகளை அடக்காத தகப்பன், ஓப்னியும் பினெகாசும் கெட்டுப்போனார்கள், முடிந்தது. ஆனால் அதே ஏலியின் பராமரிப்பில் சாமுவேல் என்கிற பையன் இருந்தான். ஏலியின் வீட்டுக்கு வரப்போகிற அழிவை ஓர் இரவில் கர்த்தர் அந்தப் பையனிடம் சொல்கிறார். விடிந்ததும் சொல்லப் பயந்துகொண்டிருக்கிறவனை ஏலி அழைத்து, மறைக்காதே என்று கேட்கிறார். தன்னைப் பற்றிய மிக மோசமான செய்தியைச் சின்னப் பையனின் வாயால் கேட்டு, அவனை ஏசாமல், அது கர்த்தரின் சித்தம் என்று ஏற்றுக்கொள்கிறார். தன் பிள்ளைகளிடம் தோற்ற கிழவர் இந்த ஒன்றைச் சரியாகச் செய்தார். நான் அவரைத் திட்டித் திட்டியே பேர் வாங்கியவன்.

மரியாளைப் பற்றி என் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் தேடி, மூன்று நாளைக்குப் பிறகு ஆலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். பிள்ளை சொன்ன பதில் பெற்றோருக்கு விளங்கவில்லை. மரியாள் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டாள் என்று லூக்கா எழுதுகிறார். "மனசுல வச்சிருந்தா லூக்காவுக்கு எப்புடி சேர் தெரியும்?" என்றான் அவன். வகுப்பே சிரித்தது. அருமையான கேள்வி. எப்போதோ யாரிடமோ அவள் சொல்லியிருக்கத்தான் வேண்டும். ஆனால் எருசலேமிலிருந்து திரும்பிய கிழமையே நாசரேத்துக் கிணற்றடியில் சொல்லியிருக்க மாட்டாள் என்று எனக்குப் படுகிறது.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தாய் சூசன்னாவை மலையகத்துச் சபைகளில் தெரியாதவர்கள் குறைவு. ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரி 1892இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கியதுதானே. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, பாதியைப் பறிகொடுத்து, மிஞ்சியவர்களை வீட்டிலேயே படிப்பித்த பெண். பிள்ளையின் பிடிவாதத்தைச் சின்ன வயதிலேயே முறிக்க வேண்டும் என்று 1732இல் மகனுக்கு எழுதிய கடிதத்தைத்தான் நாங்கள் மேடையில் விரும்பி எடுத்துப் பேசுவோம். அவளுடைய இன்னொரு பழக்கத்தை நான் பேசியதே இல்லை. கிழமைக்கு ஒரு மாலை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒதுக்கிவைத்திருந்தாள். வியாழக்கிழமை ஜோனுடையது. அவன் வளர்ந்து, ஒக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த காலத்தில், அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சத்தைத் தனக்கு இப்போதும் ஒதுக்க முடியுமா என்று அம்மாவுக்கு எழுதிக் கேட்டான். இந்த வழக்கத்தைப் பற்றிச் சூசன்னா 1712இல் கணவருக்கு எழுதியிருக்கிறாள். எந்த நாள் எந்தப் பிள்ளைக்கு என்ற விபரம் அதில் இருக்கிறது. பிள்ளை என்ன சொன்னது என்பது இல்லை.

செய்ததைச் சபையின் முன்னால் அறிக்கையிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எழுந்து நின்று, அன்று நான் சொன்ன சாட்சி பொய் என்று சொல்லிவிட வேண்டும். எழுதிக்கூட வைத்துக்கொண்டேன். மனைவி வாசித்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப மூனாந்தடவயும் அவ கதைதான் மைக்ல வரப்போகுது, இல்லயா?" அந்தத் தாளிலும் நான்தான் அழுகிற கதாநாயகன். கிழித்துப் போட்டுவிட்டுப் போதகரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். மகளிடம் அவளுடைய அறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா" என்றாள். நான் எது சொன்னாலும் அவள் சொல்கிற அதே சரிப்பா.

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் பிள்ளைகளின் பெயரையும் விஷயத்தையும் சொல்ல வேண்டாம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டுக்கொண்டேன். நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய் எழுந்தார். கணவர் இல்லாமல், கொழுந்து பறித்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். "அப்ப நாங்க யாருகிட்டதாங்க ஐயா சொல்றது? நெஞ்சுல வச்சிக்கிட்டே செத்துறவா?" என்றார். என்னிடம் தயாரான பதில் இல்லை. அவருக்கு அந்த வெள்ளிக்கிழமை அறையைத் தவிர வேறு ஆதரவு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது இரக்கம், அவருக்கு வேண்டியது உதவி. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசியது என் அவசரம்.

பிறகு யோசித்து அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அகுஸ்தீன் தன் பாவ அறிக்கை நூலில் தன் தாய் மொனிக்காவைப் பற்றி எழுதியிருக்கிறார். மகன் வழிதவறிப்போனான் என்று அவள் ஒரு பேராயரிடம் போய் அழுதாள். அவனோடு பேசும்படி கெஞ்சினாள். அவர் மறுத்து, அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபித்துக்கொண்டிரு என்று அனுப்பினார். மொனிக்காவும் பிள்ளையின் விஷயத்தை வெளியே சொன்னவள்தான். ஆனால் தகுந்தவரிடம், அதுவும் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவரிடம். அப்படி ஒருவரைத் தேடுங்கள் என்றேன். முடிந்தால் உங்கள் தோட்டத்துக்கு வெளியே, உங்கள் பிள்ளை நாளும் முகம் பார்க்க வேண்டியிராத ஒருவர். போவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள்: ஒனக்காக ஜெபிக்கச் சொல்லட்டுமா, என்னன்னு சொல்லட்டும்? "பரீட்சைன்னு சொல்லுங்க" என்று பிள்ளை சொன்னால் பரீட்சை என்றே சொல்லுங்கள். மீதியைத் தேவன் விளங்கிக்கொள்வார், அவருக்கு நாம் விளக்கவுரை கொடுக்க வேண்டியதில்லை.

காக்கக் கூடாத இரகசியமும் உண்டு. 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்பில் ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். மலையகம் முழுக்க வீதிக்கு இறங்கியது. இன்னொரு பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது. யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டார்கள், அடிக்கிறார்கள், சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், யாரிடமும் சொல்லாதே என்று அது கெஞ்சினாலும் சும்மா இருக்க முடியாது. அப்போதும் ஜெபக் கூட்டம் இடமில்லை. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார். இன்னாரிடம் சொல்லப் போகிறேன், இதற்காகச் சொல்லப் போகிறேன், நானும் கூடவே இருப்பேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் என் மகள் இருட்டில் சொன்னது இந்த வகையில் சேராது. சேராது என்பதை நான் இங்கே எழுதுவது எனக்கு ஒரு தப்பும் வழி வைக்காமல் இருக்கத்தான்.

இதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அவளுக்குப் போனில் அனுப்பினேன். வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன் என்றும் எழுதினேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பி அனுப்பினாள். அவள் எங்கே படிக்கிறாள், என்ன படிக்கிறாள் என்று நான் எழுதியிருந்ததை எடுத்துவிட்டிருந்தாள். பாட்டியைப் பற்றிய பந்தியில் கைவைக்கவில்லை. கைதட்டிய இடத்துக்குப் பக்கத்தில், "நான் தட்டல, அம்மாவோட பேக்க புடிச்சிருந்தேன்" என்று குறித்திருந்தாள். எனக்கு அவள் தட்டியதாகத்தான் ஞாபகம். இருந்தாலும் அவள் சொன்னதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்ட இடத்தில் நான் முதலில் எழுதியிருந்தது வேறு. அவள் என்னை மன்னித்துவிட்டாள், அது தேவனுடைய கிருபை என்று ஒரு நீளமான வாக்கியம் இருந்தது. அதன் கீழே கோடு போட்டுக் கேட்டிருந்தாள்: "நான் எப்பப்பா அப்புடி சொன்னேன்?"

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.